ஏழாவது பாட்டுக்கு ஆள் தேவை

செவ்வாய், வியாழன், சனி
டெட்லெஃபின் இரத்தத்தை இயந்திரம் கழுவுகிறது.
அதனால் நாங்கள் புதனில் கூடுகிறோம்,
போஹூம் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலிருக்கும் ஒலிக்கூடத்தில்.
ஒன்பது பாட்டு. பதினான்கு பெயர்.
ஒரு தட்டு பிஸ்கட்.

எழுபத்து மூன்றில் வந்த இசைத்தட்டு.
உறையில், சுரங்கக் கழிவு குவிந்த மேட்டில்
ஐந்து பேர். ஐவருக்கும் ஒரே தலைமுடி.
மிஞ்சியிருப்பது பேஸ் கிட்டார்க்காரர் இவர் மட்டும்.
தலைமுடி அவரிடமும் இல்லை.

ஹென்ரிகே பணம் போடுகிறாள், நான் ஒலி கலக்குகிறேன்.
வந்த பதிவை ஓடவிடுவேன்.
பிடிக்காவிட்டால் டெட்லெஃப்
காதுக் கருவியைக் கழற்றிப்
பிஸ்கட் தட்டில் வைப்பார்.
நவம்பரில் பாதி நாள் அது தட்டிலேயே கிடந்தது.

பாட்டுக்கும் குரலுக்கும் பொருத்தம் பார்க்கிறோம் என்றேன்.
எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பார்ப்பார்கள்,
ஒன்பது பொருந்தியும் ரஜ்ஜு தட்டினால்
சாதகம் வந்த வழியே திரும்பிப் போகும்.
சிரிப்பார்கள் என்று சொன்னது.
அடுத்த கிழமை ஹென்ரிகேயின் அட்டவணையில்
புதிதாக ஒரு கட்டம், மேலே 'ரஜ்ஜு'.
அதில் விழுந்த முதல் சிவப்புப் புள்ளி
நான் கூட்டிவந்த பையனுக்கு.

நிரோஜன். ஹாமில் பிறந்தவன், பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
ஐந்தாவது பாட்டின் நீளமான கிட்டாரை
அப்படியே வாசித்தான்,
அன்று விரல் வழுக்கிய இடம் உட்பட.
"நகலெடுக்கக் கீழே கடை இருக்கிறது," என்றார் டெட்லெஃப்,
"பக்கத்துக்குப் பத்து சென்ட்."

நல்ல ஆள் என்று கூட்டிவந்தேனா,
நம்ம ஆள் என்றா?
டோர்ட்மண்ட் வரும்வரை ரயிலில் யோசித்தேன்.
இறங்கியபோது
இரண்டும்தான், அதிலென்ன, என்று தோன்றியது.

எட்டுப் பாட்டுக்கு ஆள் அமைந்துவிட்டது.
முதலாவது எஸ்ஸனில் டிராம் ஓட்டுகிறவளுக்கு,
நான்காவது ஹெர்ன பெண்கள் குழுவுக்கு.
ஏழாவதுதான் நின்றது.
மூன்றாம் சரணத்தில் பாடகர் ரோல்ஃப்
வரியை மறந்துபோன ஒன்பது நொடி:
பேஸ் மட்டும் தனியே நடக்கும், நாடா இரையும்.
ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த மறதி.

அந்தக் குழியைக் கண்டதும்
ஆளாளுக்கு மண் போட்டார்கள்.
ஒருவர் ஊளையிட்டார்.
ஒருவர் தன் சொந்தக் கவிதையைச் சொன்னார்.
அரங்கு நிரப்பும் ஒருவரின் மேலாளர் எழுதினார்:
வானொலியில் ஒன்பது நொடி என்பது ஒரு விபத்து.

ஐந்தில் தோற்ற நிரோஜன்
கேட்காமலே ஏழை அனுப்பியிருந்தான்.
அந்த இடத்தில் மூச்சு வாங்கினான்.
உதடு பிரிகிற சத்தம் மைக்கில் விழுந்தது.
பிறகு மூடிக்கொண்டான்.

நான் தட்டைப் பார்த்தேன்.
பிஸ்கட் மட்டும்தான் இருந்தது.

"ரோல்ஃப் ஒன்றும் மறக்கவில்லை," என்றார் டெட்லெஃப்.
"அந்த வரி என்னுடையது.
அன்று காலை சண்டை. நான் பாடவில்லை.
அவன் காத்திருந்தான், வேண்டுமென்றே, மைக்கை விட்டுத் தள்ளி நின்று."

எதற்குச் சண்டை?

"வேன் சாவி யாரிடம் இருப்பது என்று."

வரி ஞாபகம் இருக்கிறதா, ஹென்ரிகே கேட்டாள்.
இருக்கிறது என்றார்.
அப்படியானால் இப்போது பாடுங்களேன், மைக் தயார்,
என்று நான் எழுந்தபோது
கருவியைக் கழற்றித்
தட்டில் வைத்தார்.

உரிமைப் படிவத்தில் இப்படி எழுதினேன்:
குரல், கிட்டார் – நிரோஜன்.
குரல், ஒன்பது நொடி, பாடவில்லை – டெட்லெஃப்.
அலுவலகத்திலிருந்து அழைத்து, எழுத்துப்பிழையா என்றார்கள்.
இல்லை.
அப்படியென்றால் பங்கு எத்தனை சதவீதம்?

டெட்லெஃபிடம் கேட்டேன், சத்தமாக, இரண்டு தரம்.
"பாதி," என்றார்.
"சாவி கடைசியில் அவனிடம்தான் போனது."